மாமரத் தத்தி

தை, மாசி மாதங்களில் மாமரம் நிறையப் பூத்தும், பிஞ்சு பிடியாமற் பூங்கொத்து முழுவதும் கருகி உதிர்வதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். “பனி கொட்டிவிட்டது” எனக் கூறி அடுத்த ஆண்டை எதிர்பார்ப்பதே வழக்கம். ஈரலிப்பான காலத்திற் பங்கசு நோய்களாலும் பூ கருகுவதுண்டு. ஆயினும் பழி முழுவதையும் பனியின்மேற் சுமத்துதல் பொருந்தாது. பல தோட்டங்களிற் பூவை அழிப்பது மரத்திலேயே குடியிருக்கும் ஒரு சிறு தத்தியாகும்.

நெல் வயலிற் பச்சைத் தத்தியைப் பார்த்தவர்க்கு இதனை அறிதல் எளிது. அதனைப் போலவே தலைப்பக்கம் அகன்று பின்பக்கம் ஒடுங்கி, ஆப்பு வடிவாயிருக்கும். நிறம் மாத்திரம் கபிலம் அல்லது சாம்பல். நீளம் 3 முதல் 5 மில்லிமீற்றர். இது இடியோஸ்கோப்பசு என்னுஞ் சாதியைச் சேர்ந்தது. பூவில்லாத காலத்தில் இலைகளிலும் பட்டை வெடிப்புகளிலும் ஒதுங்கியிருப்பதால் எவர் கண்ணிலும் படுவதில்லை.

பூங்கொத்து வெளிவந்ததும் பெண் தத்தி அரும்புகளினுள்ளும் இளந்தளிரின் நடுநரம்பிலும் முட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகும். சில நாட்களிற் குஞ்சுகள் வெளிப்பட்டுச் சாற்றை உறிஞ்சத் தொடங்கும். முட்டை முழுத்தத்தியாவதற்கு ஏறக்குறைய 2 முதல் 3 வாரங்களே செல்லும். சாறிழந்த பூ வாடி உதிரும். தத்தி கழிக்கும் இனிப்பு நீர் இலைகளின்மேற் பசைபோல் ஒட்டி மினுங்கும். அதன்மேற் கரும் பூஞ்சணம் படர, இலை கரி பூசியது போலாகும். பனி எரித்ததென்று பலர் கருதுவது இந்தக் கருமையையே. ஐயமிருப்பின் தாழ்ந்த கிளையொன்றை உலுப்பிப் பார்க்கலாம். தத்திகள் மிகுந்திருந்தால் அவை பாய்ந்து இலைகளில் மோதும் படபடவென்ற ஓசை கேட்கும். பனிக்கு அவ்வோசை இல்லை.

வெயிலும் காற்றும் புகாத அடர்ந்த மரங்களிலேயே தத்தி பெருகும். ஆகவே அறுவடை முடிந்தவுடன் உட்கிளைகளையும் பட்ட கொப்புகளையும் வெட்டி மரத்தைத் திறந்துவிடுதல் வேண்டும். கறுத்தக்கொழும்பான் மரத்திற் கத்தி வைக்கப் பலர் மனம் இசையார். எனினும் இதுவே செலவு குறைந்த வழி. பூங்கொத்து வெளிவரும்போதே வேப்பம் விதைச்சாற்றை அடிமரத்திலும் உட்கிளைகளிலும் படும்படி தெளிக்கலாம். பூ விரிந்தபின் எதனையும் தெளித்தலாகாது; மாம்பூவிற் காய் பிடிப்பதற்கு ஈக்களும் தேனீக்களும் வந்தாக வேண்டும். மிளகாய்க்கு அடித்து மிஞ்சிய கிருமிநாசினியை மாமரத்திற்கு அடிக்கும் பழக்கம் மிகத் தீயது. அது தத்தியை உண்ணும் சிலந்திகளையும் கொல்லும். தாக்கம் கடுமையாயின், பூ விரியுமுன்னரே விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, மாமரத்திற்குச் சிபாரிசு செய்யப்பட்ட மருந்தை மாத்திரம் உபயோகித்தல் வேண்டும்.