மின்கலம் வேண்டாத வானொலி

இக்காலத்து வானொலிப் பெட்டியைத் திறந்து பார்க்கும் மாணவனுக்கு அதனுள் விளங்குவது ஒன்றுமில்லை. நகத்தளவான கரிய சில்லு ஒன்றும், அதனைச் சூழ்ந்த நுண்ணிய உறுப்புகள் சிலவுமே காணப்படும். அலையைப் பிடிப்பது எது, வேண்டிய நிலையத்தைத் தெரிந்தெடுப்பது எது, ஒலியைப் பிரிப்பது எது என்று விரல் சுட்டிக் காட்ட ஆசிரியராலும் இயலாது. படிக வானொலி எனப்படும் பழைய கருவியிலோ இம்மூன்று பணிகளையும் செய்யும் உறுப்புகள் ஒரு மரப்பலகையின்மீது கண்ணெதிரே அமைந்திருக்கின்றன. பழைய பாணி வானொலிகளைத் தம் கையாலேயே அமைத்து மகிழ்வோருள் பலர் இதிலிருந்தே தொடங்குகின்றனர். இதற்கு மின்சாரமும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம். காதில் கேட்கும் ஒலி முழுவதும் தொலைவிலுள்ள நிலையம் வானில் பரப்பிய ஆற்றலின் ஒரு துளியே ஆகும்.

இக்கருவியின் வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு. ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்னும் கனிமத்தைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் முறைக்காகக் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்த ஜகதீச சந்திர போஸ் 1901-இல் விண்ணப்பித்து, 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒலிபரப்பு நிலையங்கள் தொடங்கப்பெற்றபொழுது ஒவ்வொன்றின் திறனும் 1.5 கிலோவாட்டே. வால்வு வானொலியின் விலை எட்டாக்கனியாயிருந்த அந்நாளில், நிலையத்துக்கு அருகே வாழ்ந்தோர்க்குப் படிகக் கருவி கைகொடுத்தது. 1944-இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் இருந்த வீரர்கள் கலீனாவுக்குப் பதிலாகச் சவர அலகையும் பென்சில் கரியையும் வைத்தே ஒலிபரப்பைக் கேட்டனர்.

இக்கருவி இயங்கும் விதம் வருமாறு. மத்திய அலை நிலையம் ஒன்று 720 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புவதாகக் கொள்வோம். அதன் அலை ஒரு விநாடியில் 7,20,000 முறை ஏறி இறங்குகிறது. பேச்சுக்கும் இசைக்கும் ஏற்ப அவ்வலையின் உயரம் கூடிக் குறைகிறது. வான்கம்பியில் இவ்வலை தோற்றுவிக்கும் மின்னோட்டத்தை அப்படியே காதொலிப்பானுக்குள் செலுத்தினால் ஒன்றும் கேளாது. அத்துணை விரைவான அதிர்வைக் காதொலிப்பானின் தகடு பின்பற்ற இயலாது. மேலும், ஏற்றமும் இறக்கமும் சம அளவாதலின் ஒன்றையொன்று ஈடுசெய்து விடுகின்றன. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் பொருளொன்றை இடையே வைத்தால் இறக்கங்கள் நீங்கி ஏற்றங்கள் மட்டும் எஞ்சும். அவற்றின் சராசரி, நிலையத்தில் பேசியவரின் குரலைப் போன்றே கூடிக் குறையும். கலீனாப் படிகமும் அதனை மெல்லத் தொடும் ஊசிக்கம்பியும் ஆற்றிய பணி இதுவே. இன்று அதனை ஜெர்மேனியம் டயோடு செய்கிறது.

கம்பியை வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பண்பலை ஒலிபரப்பில் அலையின் உயரம் மாறுவதில்லை; அதிர்வெண்ணே மாறுகிறது. ஆகையால் இக்கருவி பண்பலைக்கு உதவாது. இலக்கமுறை ஒலிபரப்புக்கும் உதவாது. மத்திய அலை ஒலிபரப்பிகள் அண்மை ஆண்டுகளில் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் பல நிறுத்தப்பட்டுவிட்டன. எனவே சாதாரண டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றைப் பகல் வேளையில் திறந்து, மத்திய அலையில் உரத்துக் கேட்கும் நிலையம் ஏதேனும் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். அத்தகைய நிலையம் எதுவும் இல்லாத ஊரில் எவ்வளவு திறமையாக அமைத்தாலும் கருவி ஊமையாகவே இருக்கும். மாணவர் அதனைத் தம் பிழை என்று எண்ணி மனம் சோர்வர்.

சுருளுக்கு 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள அட்டைக்குழாயில், எனாமல் பூசிய 0.5 மில்லிமீட்டர் செப்புக்கம்பியை 60 சுற்று நெருக்கமாகச் சுற்ற வேண்டும். ஏறத்தாழ 12 மீட்டர் கம்பி போதும். பத்துச் சுற்றுக்கு ஒரு முறை கம்பியை முறுக்கி வெளியே இழுத்துவிடுவது நலம். இச்சுருளின் தூண்டல் மதிப்பு சுமார் 200 மைக்ரோஹென்றி ஆகும். பழைய பெட்டிகளில் உள்ள கேங் கண்டென்சரின் ஒரு பகுதியை இதற்குக் குறுக்கே இணைக்க வேண்டும். அதன் தகடுகள் முற்றும் உட்புகும்போது தேக்குதிறன் 500 பைக்கோபாரடு அளவினதாயின், சுருள் ஏறத்தாழ 500 கிலோஹெர்ட்ஸுக்கு ஒத்திசையும். மேற்சொன்ன 720 கிலோஹெர்ட்ஸ் நிலையத்துக்குச் சுமார் 245 பைக்கோபாரடு வேண்டும். அதாவது தகடுகள் பாதியளவில் நிற்கும். வான்கம்பியும் சிறிது தேக்குதிறனைச் சேர்ப்பதால் நடைமுறையில் இந்த இடம் சற்றே மாறும்.

சுருளின் ஒரு முனை நிலத்தோடு இணையும். அம்முனையிலிருந்து பத்தாம் அல்லது இருபதாம் சுற்றில் வான்கம்பியை இணைக்க வேண்டும்; மேல்முனையிலேயே இணைத்தால் நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து கேட்கும். மேல்முனையிலிருந்து டயோடு, அதன்பின் காதொலிப்பான், அதன் மறுமுனை நிலம். வேலை அவ்வளவே.

வேலை முடிந்தும் பெரும்பாலும் முதல் நாள் ஒன்றும் கேட்பதில்லை. இணைக்குமிடத்தில் எனாமலைச் சுரண்ட மறந்ததே பல இடங்களில் காரணமாயிருக்கும். ஆசிரியர் அதனை முதலில் நோக்குக. அடுத்தது டயோடு. இப்பொழுது கடைகளில் எளிதிற் கிடைக்கும் சிலிக்கன் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டு அழுத்தம் இருந்தாலன்றி நன்கு கடத்தாது. வான்கம்பியில் எழும் அழுத்தமோ அதனினும் குறைவு. 1என்34ஏ, ஓஏ79 போன்ற ஜெர்மேனியம் வகைக்கு 0.2 வோல்ட்டு அளவே போதும். மூன்றாவது காதொலிப்பான். பாட்டுக் கேட்கப் பயன்படும் 32 ஓம் வகையை நேரே இணைப்பதில் பயனில்லை. பழைய 2,000 ஓம் வகையோ, படிகக் காதொலிப்பானோ வேண்டும். பின்னதன் வழியே நேர்மின்னோட்டம் செல்லாதாகையால் மின்னூட்டம் வடிய வழியின்றித் தேங்கும். ஒலி நெரிந்து மங்கும். அதற்குக் குறுக்கே 47 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்தால் குறை நீங்கும். விளங்காத இக்குறையைத் தாமே தேடித் தீர்க்கும் மாணவர் மின்னோட்டத்தைப்பற்றி ஒரு பாடப்பகுதி முழுவதையும் கற்றவராவர்.

வான்கம்பி 15 முதல் 20 மீட்டர் நீளத்தில், தரையிலிருந்து 6 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் அமைதல் நன்று. மின்வாரியக் கம்பிகளின் மேலோ கீழோ அதனைக் கொண்டு செல்லலாகாது. அது அறுந்து அவற்றின்மீது விழுமாயின் உயிர்ச்சேதம் நேரும். இடி மின்னல் வருவதற்கு முன்னரே அதனைக் கருவியினின்று நீக்கி, கட்டடத்துக்கு வெளியே நிலத்தோடு இணைத்துவிட வேண்டும். நிலத்தொடர்புக்கு ஈரமண்ணில் அடித்த இரும்புக்குழாயே ஏற்றது. சுவரிலுள்ள மின்செருகியின் மூன்றாம் துளையை இதற்குப் பயன்படுத்துதல் கூடாது.

இதில் தேர்ந்தவர் அடுத்து விரும்புவது ஒரு வால்வு வானொலி. ஆம்ஸ்ட்ராங் 1914-இல் காப்புரிமை பெற்ற மீளூட்டு முறையை 1டி4 போன்ற மின்கல வால்வு ஒன்றைக்கொண்டு அமைக்கலாம். இழைக்கு 1.5 வோல்ட்டு மின்கலம் ஒன்றும், தகட்டுக்கு 9 வோல்ட்டு மின்கலங்கள் ஐந்து தொடராகவும் போதும். மீளூட்டு மிகுந்தால் கருவி தானே அலைபரப்பி அண்டை வீட்டு வானொலியில் சீழ்க்கையொலி எழுப்பும். உடனே குறைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் இயங்கிய பழைய பெட்டிகள் வேறு வகை. அவற்றுட் சிலவற்றின் உலோக அடித்தட்டு மின்கம்பியோடு நேரே இணைந்திருக்கும். மின்தேக்கிகளில் 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் செருகியைப் பிடுங்கிய பின்னும் தங்கியிருக்கலாம். பரணில் கிடைத்தது என்று மாணவர் கொண்டுவரும் இத்தகைய பெட்டியை, அனுபவமிக்க தொழிலாளி ஒருவர் பார்க்கும்வரை மின்சாரத்தில் செருகவிடலாகாது.