உங்களுக்குத் தெரியுமா? முயல் கறியில் உப்புக்கண்டம்

● ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளுக்கு வரும் பச்சைத்தோல் கெடாமலிருக்க, அதன் எடையில் சுமார் 40 விழுக்காடு உப்பைத் தூவுவார்கள். உப்பு தோலிலிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். நீர் போனால் அழுகவைக்கும் பாக்டீரியாவுக்கு அங்கே பிழைப்பில்லை. தோலுக்குள் இருந்த இறைச்சிக்கும் இதே வைத்தியம்தான். பாட்டிமார் மொட்டை மாடியில் கட்டித் தொங்கவிட்ட உப்புக்கண்டமும் மண்டியில் அடுக்கிய உப்புத்தோலும் நம்பியிருப்பது ஒரே சங்கதியை.

● உப்பிலும் உயிர் வாழும் கிருமிகள் உண்டு. உப்பிட்ட தோலில் சிலசமயம் சிவப்புத் திட்டுகள் தோன்றும். கருவாட்டிலும் அதே இளஞ்சிவப்புப் படலம் வரும். உப்பளத்து உப்போடு கூடவே வந்து சேரும் உப்புவிரும்பி நுண்ணுயிர்கள்தான் இரண்டுக்கும் காரணம். உப்புக்கண்டத்தில் அந்த நிறம் தெரிந்தால் அரிந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

● தோலிலிருந்து உதிர்த்த உப்பைச் சமையல் பக்கமே கொண்டுவரக் கூடாது. இரத்தம், சாணம், மயிர் எல்லாம் அதில் இருக்கும்; சில இடங்களில் பூச்சி அண்டாமலிருக்க நாப்தலீனும் கலந்திருக்கும்.

● மற்ற நாடுகளில் ‘ஜெர்க்கி’ என்று பொட்டலம் கட்டி விற்பது நம் உப்புக்கண்டத்துக்குப் பங்காளி. தென்னாப்பிரிக்காவில் அதன் பெயர் ‘பில்டாங்’. வினிகர், உப்பு, மிளகு, ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதை போட்டுக் காயவைப்பார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் நேட்டாலுக்குப் போய் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளில் தமிழர்கள் ஏராளம். அவர்கள் போய் இறங்கிய டர்பனில் இன்று மிளகாய் போட்ட பில்டாங்கும் கிடைக்கிறது.

● உப்புக்கண்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கொழுப்புதான். உப்பு கொழுப்புக்குள் இறங்காது. நாளானால் காறல் வாடை அடிக்கும். முயல் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. வெள்ளாட்டுத் தொடையில் கொழுப்பைச் சுரண்டி எடுக்கும் வேலை இதில் பாதிகூட இல்லை. காயவைப்பதற்கென்றே படைத்த கறி என்பேன்.

● அந்தக் கொழுப்பின்மையே ஆளையும் கொல்லும்! பனிப்பிரதேசங்களில் முயலை மட்டுமே வயிறு புடைக்கத் தின்றவர்கள் வயிற்றுப்போக்கும் தலைவலியும் வந்து மெலிந்துபோனதைத் துருவப் பயணி ஸ்டெபான்சன் எழுதியிருக்கிறார். ‘முயல் பட்டினி’ என்றே அதற்குப் பெயர். நல்லெண்ணெயில் பொரித்துச் சோற்றோடு சாப்பிடும் நமக்கு அந்தப் பயம் இல்லை.

● கணக்கு இது. இரண்டு கிலோ முயலை உரித்துச் சுத்தம் செய்தால் எலும்போடு சுமார் ஒரு கிலோ கறி தேறும். எலும்பை நீக்கினால் முக்கால் கிலோ. சுக்காகக் காய்ந்தால் அது நாலில் ஒரு பங்காகிவிடும். ஆக ஒரு முயலுக்கு 200 கிராம்கூட வராது. ஒரு முயலுக்காக மாடியேற வேண்டாம். நாலைந்து சேர்ந்தால் பார்க்கலாம்.

● சரி, எப்படிப் போடுவது? தொடை, முதுகுக் கறியை எலும்பிலிருந்து பிரித்து, அரைமணி ஒருமணி ஃப்ரீசரில் விறைக்கவிட்டு எடுத்தால் கத்தி வழுக்காது. அரை சென்டிமீட்டர் கனத்துக்கு நீளவாக்கில் அரியுங்கள். நாரோடு அரிந்தால் மெல்ல வேண்டியிருக்கும், நாருக்குக் குறுக்கே அரிந்தால் பல்லுக்கு இதம். கல்லுப்பு, மஞ்சள், காய்ந்த மிளகாய், பூண்டு சேர்த்து அரைத்த விழுதைப் பூசுங்கள். நாக்கில் வைத்தால் கரிக்க வேண்டும். ஓரிரவு குளிர்பெட்டியில் ஊறட்டும். இதற்கடுத்த படி நம் பழைய முறையில் இல்லாதது, ஆனால் நான் விடச் சொல்லமாட்டேன்: ஊறிய கறியை அந்தச் சாற்றோடு அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு, பிறகுதான் காயவைக்க வேண்டும். கறியின் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் எட்டிவிட்டால் சால்மோனெல்லா போன்றவை செத்துவிடும். காய்ந்த பிறகு சூடாக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். ஈரம் வற்றிய கறியில் கிருமி வெப்பத்தைத் தாங்கப் பழகிவிடுகிறது. முதலிலேயே அடிப்பதுதான் சரி. பிறகு கோணி ஊசியில் சணல் நூல் கோத்து, துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் கட்டி, மேலே மெல்லிய வேட்டித்துணி. காக்கைக்கும் ஈக்கும் அதுதான் வேலி. பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி இறங்கினால் பட்ட பாடு வீண். வளைத்தால் நார் பிளந்து வெடிக்க வேண்டும். ரப்பர் போல மடங்கினால் இன்னொரு வெயில் தேவை.

● அதற்கு வேலூர் வெயிலை மிஞ்ச முடியாது. கத்திரியில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சென்னையைப் போலக் கடற்காற்றின் பிசுபிசுப்பும் இல்லை. காயவைக்கச் சூட்டைவிட வறண்ட காற்றே முக்கியம்.

● அந்த வெயில் உயிருள்ள முயலுக்குப் பகை. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கோடை முற்றினால் ஆண் முயல்கள் தற்காலிகமாக மலடாகிவிடுவதும் உண்டு. முயல் ஆராய்ச்சிப் பண்ணைகள் நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் இருப்பது சும்மா இல்லை. சமவெளியில் வளர்ப்பவர்கள் கூண்டைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டுகிறார்கள்.

● காட்டு முயல் வேறு, கூண்டு முயல் வேறு. புதரில் ஓடும் முயலைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற பண்ணை இனங்களைத்தான் கறிக்கு வளர்க்கிறார்கள்.

● குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் சேமிக்கக் கூடாது என்று நபிகள் நாயகம் ஓர் ஆண்டு தடுத்ததையும், ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே அதற்குக் காரணம் என்பதையும், பிறகு சேமிக்க அனுமதித்ததையும் ஹதீஸ்கள் சொல்கின்றன. பக்ரீத் முடிந்தபின் மாடியில் கறி காயும் வீடுகள் நம் பக்கம் இன்னும் உண்டு.

● கறியைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்துக் காக்கும் முறையைக் கண்டவர் பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேர். 1810-இல் அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு தந்தது. கிருமி என்றொன்று கெடுக்கிறது என்பது அவருக்கே தெரியாது. பாஸ்டர் வந்து விளக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

● அப்பேருக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்தாக வேண்டும். குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் சாகா. காற்றில்லாத, புளிப்பில்லாத, மூடிய புட்டி அவற்றுக்குச் சொர்க்கம். அங்கே முளைத்து நஞ்சைக் கக்கும். வாடையோ நிறமோ மாறாமலே இருக்கலாம். உண்டவருக்கு நரம்பு செயலிழந்து மூச்சே நின்றுபோகலாம். வித்துகளைக் கொல்ல அழுத்த நீராவி வேண்டும். அமெரிக்க வேளாண்துறை கணக்குப்படி, எலும்பில்லாத முயல் கறி அரை லிட்டர் புட்டிக்கு 75 நிமிடம், ஒரு லிட்டருக்கு 90 நிமிடம், அதற்கென்றே செய்த அழுத்தக் கலனில்.

● ‘நம் குக்கரில் வைத்தால் ஆகாதா?’ ஆகாது. விசில் போடும் குக்கரின் அழுத்தம் காகிதத்தில் போதுமானதாகத் தெரியும். ஆனால் சிறிய பாத்திரம் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடுகிறது. மேலே சொன்ன நிமிடங்கள் பெரிய கலன் மெல்லச் சூடேறி மெல்ல ஆறும் நேரத்தையும் சேர்த்து நம்பிப் போட்ட கணக்கு. எத்தனை விசில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

● உயரமும் கணக்கில் உண்டு. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். ஆயிரம் அடிக்கு மேலுள்ள ஊர்களில், எடைக்கல் வைத்த கலனில் 10 பவுண்டு அழுத்தத்துக்குப் பதில் 15 பவுண்டு வைக்கச் சொல்கிறார்கள். ஆம்பூர் அந்த ஆயிரம் அடியை ஒட்டி இருக்கிறது, ஏலகிரி எங்கோ மேலே.

● ஊறுகாய்? அது நடக்கும், வினிகர் தாராளமாக இருந்தால். பொட்டுலினம் புளிப்புக்கு அஞ்சும்; அமிலகாரக் குறியீடு 4.6-க்குக் கீழே போனால் முளைக்காது. வெறும் எண்ணெய் ஊற்றி மூடினால் பாதுகாப்பு என்று நினைப்பது ஆபத்து. எண்ணெய் காற்றைத் தடுத்து அதற்கு வசதி செய்துதான் கொடுக்கும்.

● இலங்கை வேடர்கள் இறைச்சியைத் தேனில் இட்டு மரப்பொந்தில் வைத்துக் களிமண்ணால் அடைத்ததை, கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681-இல் வெளியான நூலில் எழுதினார். தேனும் உப்பைப் போலவே நீரை உறிஞ்சும்.

● முயல் தோல் வீணா? இல்லை. படிகாரமும் உப்பும் போட்டு ரோமத்தோடு பதப்படுத்தலாம். ஆனால் நம் டேனரிகள் ஆடு, மாடு, எருமைத் தோலில் பழகியவை. பத்துத் தோலைத் தூக்கிக்கொண்டு போனால் சிரித்து அனுப்பிவிடுவார்கள்.

● தோலில் தூவிய உப்பு எங்கே போயிற்று? ஊறவைத்த நீரோடு பாலாற்றுக்கு. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்து, டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது.

● கடைசியாக ஒன்று. வீட்டில் போட்ட உப்புக்கண்டம் அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு மாதம்தான் நல்லது. ஜாடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் ஃப்ரீசரில் வையுங்கள். புட்டியில் அடைக்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.