நுரை சரியாக இருந்தால் முகம் எரியாது

சேவ் எடுப்பதைப் பற்றி வானொலியில் என்ன பேச இருக்கிறது என்று சிலர் சிரிப்பீர்கள். ஆனால் பனிக்காலம் தொடங்கியதும் கழுத்து எரிகிறது, பருப்பருவாகக் கிளம்புகிறது என்று சொல்லாத ஆண்கள் எங்களில் குறைவு. பிளேட்டைக் குறை சொல்லி விலை கூடியதாக வாங்குகிறோம். என்னுடைய கணிப்பில் பாதிக் குற்றம் நுரையில்தான்.

முதலில் தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை. அந்தத் தண்ணீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிவிடும், மிச்சம்தான் நுரைக்கும். அதனால் அள்ளித் தேய்த்துப் பழகிய கை எங்களுடையது. பியர்பொன்ட்ஸ் குழாய்த் தண்ணீர் றிவியேர் தே பிறேரி ஆற்றிலிருந்து வருகிறது. மொன்றியலின் பெரும்பகுதிக்குப் போகும் சென் லோறன்ஸ் தண்ணீரைவிட இதில் சுண்ணாம்பு குறைவு. ஆகவே இங்கே கொஞ்சம் போட்டாலே போதும். பார்க் எக்ஸ்டென்ஷனில் இருப்பவர்கள் சற்றுக் கூடப் போடலாம்.

1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் இல்லாமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். பனங்களியிலும் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் உண்டு. ஆனால் நுரைப்பதெல்லாம் சேவுக்கு உதவாது. குளிக்கும் சவர்க்காரத்தின் நுரை பெரிய குமிழிகளாக வந்து சீக்கிரம் உடைந்துபோகும். சேவிங் கிறீமில் ஸ்டியறிக் அமிலமும் பொற்றாசியமும் சேர்ந்த சவர்க்காரம் இருப்பதால் குமிழி பொடியாக வந்து, தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தண்ணீர்தான் மயிரை இளக்குகிறது, பிளேட்டை வழுக்க வைக்கிறது. ரின்னில் வரும் நுரையை எரிவாயு ஊதிப் பெருக்கித் தருகிறது. பார்வைக்கு நிறைய, உள்ளே வெறும் காற்று.

குளித்தபின் சேவ் எடுப்பது உத்தமம். இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் பிழிந்த துவாயை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வையுங்கள். பிரஸை நனைத்து உதறுங்கள். கச்சான் கொட்டையளவு கிறீமைக் கோப்பையில் இட்டுச் சுற்றிச் சுற்றிக் கலக்குங்கள். தண்ணீரைத் துளித்துளியாகத்தான் விட வேண்டும். பசை மாதிரி இழுபட்டால் இன்னும் தண்ணீர் தேவை. சோடா மாதிரிக் குமிழி தெரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது, சிறிது கிறீம் சேருங்கள். கெட்டித் தயிர் போலப் பளபளப்பாக வந்தால் சரி. ஒன்றிரண்டு நிமிட வேலை. பிறகு முகத்திலும் வட்டமாகத் தேய்க்க, படுத்திருக்கும் மயிர் எழும்பும்.

மயிர் வளரும் பக்கமாகவே வழியுங்கள். கழுத்தில் அது திசை மாறும், விரலால் தடவினால் தெரியும். எங்களில் பலருக்குச் சுருள்மயிர். எதிர்ப்பக்கமாக ஒட்ட வழித்தால் நுனி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து பருவாகும். மீசை அரும்பும் பிள்ளைகளுக்கு இதை முதலே சொல்லிக் கொடுங்கள்.

என் ஐயாவுக்கு எண்பத்து மூன்று வயது. இரத்தம் உறையாதிருக்கக் குளிசை எடுக்கிறார், சிறு கீறல் பட்டாலும் நெடுநேரம் கசியும். அவருக்கு நான்தான் சேவ் எடுத்து விடுகிறேன். தடித்த நுரை, புதுப் பிளேட், தோலை விரலால் இழுத்துப் பிடித்து ஒரே ஒரு தரம். இரண்டாம் தரம் வழிப்பதில்லை. அங்கங்கே நாலு மயிர் நின்றால் நிற்கட்டும். கல்யாண வீட்டுக்குப் போகும் நாளில் மட்டும் அதற்கு ஒரு சண்டை வரும். நீரிழிவுக்காரரின் காயம் ஆறச் சுணங்கும், அவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஒரே றேசரை வீட்டில் இரண்டு பேர் பாவிக்கவே கூடாது. ஈரல் அழற்சி பி, சி இரண்டும் இரத்தத்தால் தொற்றுபவை. சலூனில் தேய்த்த சீனக்காரக் கட்டி இரத்தத்தைக் கட்டுப்படுத்தும்தான், ஆனால் அதையும் ஆளுக்கொன்றாக வையுங்கள்.

முடிந்ததும் குளிர்தண்ணீரில் கழுவி ஒற்றியெடுத்து, மதுசாரம் இல்லாத கிறீம் பூசுங்கள். பனிக்காலத்தில் ஹீற்றர் காற்றே தோலை உலர்த்திவிடும். பிரஸைக் கழுவி உதறி, மயிர்ப்பக்கம் கீழே இருக்கத் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் மணக்கத் தொடங்கும்.