தமிழ் வகுப்பை எங்கே வைப்பது?



தேஹு ரோடு, ஆகுர்டி, சிஞ்ச்வட், பிம்ப்ரி, காசர்வாடி என்று லோக்கல் ரயில் பாதை நெடுக நம்மவர்கள் பரவி வாழ்கிறோம். ஞாயிறு தமிழ் வகுப்பை இரண்டு ஊர்களில் நடத்தலாம் என்றால், எந்த இரண்டு? இடம் தூரமானால் பிள்ளை நாலு வாரம் வரும், பிறகு நின்றுவிடும். தாய்மொழியை எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்துவிடும்.

ஐந்தில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 10 வழிகள்தாம். நூறு இடங்களில் பத்து என்றாலோ 17 லட்சம் கோடிக்கும் மேல்! ஒவ்வொன்றாகச் சோதிப்பது கணிப்பொறிக்கும் பெரும்பாடு. எனவே, ஏறத்தாழ நல்ல விடையை விரைவில் தரும் குறுக்கு வழிகளை வகுத்திருக்கிறார்கள். அவற்றுக்கு 'ஹியூரிஸ்டிக்' முறைகள் என்று பெயர்.

ஒரு பேச்சுக்கு, நிலையத்துக்கு 10 பிள்ளைகள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பிள்ளை ஒரு நிலையம் தாண்டினால் ஒரு புள்ளி. ஒரே வகுப்பென்றால் நடுவிலுள்ள சிஞ்ச்வட்தான் சிறந்தது: 60 புள்ளி. அதோடு ஆகுர்டியைச் சேர்த்தால் 40. வேறு எதைச் சேர்த்தாலும் 40-க்குக் குறையவில்லை. இது 'பேராசை' முறை: அப்போதைக்கு நல்லதை எடுத்துக்கொண்டே போவது.

இப்போது சிஞ்ச்வட்டை எடுத்துவிட்டுப் பிம்ப்ரியை வைத்தேன். புள்ளி 30 ஆகிவிட்டது! இப்படி ஒன்றை எடுத்து ஒன்றை வைத்துப் பார்க்கும் முறையை டைட்ஸ், பார்ட் என்ற இருவர் 1968-இல் வெளியிட்டனர். இதுவும் சில வேளை பாதியில் தேங்கி நிற்கும். ஆகவே வெவ்வேறு இடங்களிலிருந்து தொடங்கிப் பார்ப்பது நல்லது.

ஆனால் மொத்தப் புள்ளி குறைந்தால் மட்டும் போதுமா? தளேகாவில் இரண்டே குடும்பங்கள் இருந்தால் கணக்கு அவர்களைக் கைவிட்டுவிடும். ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்று என்று அரசு விதி வைத்திருப்பதும் இதனால்தான். எட்டாத இடத்திலிருப்பவருக்குச் சற்றுக் கூடுதல் சலுகை வேண்டும். மிகத் தொலைவிலுள்ளவர் எவ்வளவு தூரம் வரவேண்டும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எந்த முறைக்கும் சரியான எண்ணிக்கைதான் அடிப்படை. உங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள், அருகிலுள்ள நிலையம் எது என்று சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். மீதியைக் காகிதமும் பென்சிலும் பார்த்துக்கொள்ளும்.