மாடியைப் பார்க்கும் முன் மின் அட்டையைப் பாருங்கள்!

பணி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அண்மையில் என் வீட்டுக்கு வந்தார். மொட்டை மாடியில் 3 கிலோவாட் சூரிய மின்தகடுகளை அமைக்க வங்கி வைப்புத் தொகையை எடுக்கலாமா என்பது அவரது கேள்வி. 'போட்ட பணம் நான்கே ஆண்டுகளில் திரும்பிவிடும்' என்று விற்பனை முகவர் உறுதி அளித்திருந்தாராம். நான் அவரது மின்கணக்கீட்டு அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

3 கிலோவாட் அமைப்புக்கு ஏறத்தாழ ரூ.2 லட்சம் செலவாகும். 2024-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000, மூன்றாவதற்கு ரூ.18,000 என மொத்தம் ரூ.78,000 மானியம் கிடைக்கிறது. எஞ்சிய ரூ.1.22 லட்சம் நம் கைப்பணம். தமிழகத்தில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆக, இரு மாதங்களுக்கு 700 யூனிட் என்று கொள்ளலாம்.

நண்பர் வீட்டில் இருமாதப் பயன்பாடு 400 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி அவர் செலுத்துவது ஏறத்தாழ ரூ.1,200. அது முழுவதும் மிச்சமானாலும் ஆண்டுக்கு ரூ.7,200-தான். முதலீடு திரும்பப் பதினேழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒருமுறையேனும் இன்வெர்ட்டரை மாற்ற வேண்டிவரலாம்.

குளிர்சாதனங்களுடன் 1,000 யூனிட் செலவிடும் குடும்பத்தின் கணக்கு வேறு. அங்கு இருமாதக் கட்டணம் சுமார் ரூ.7,000. சூரிய மின்சாரம் 700 யூனிட்டை ஈடுசெய்தால், மீதி 300 யூனிட்டுக்கான கட்டணம் ஏறத்தாழ ரூ.700 மட்டுமே. ஆண்டுச் சேமிப்பு ரூ.37,000-ஐத் தாண்டும். மூன்றரை ஆண்டுகளுக்குள் முதலீடு திரும்பிவிடும்.

ஒரே மின்தகடு, ஒரே வெயில். பலனில் மட்டும் ஏன் இத்தனை வேறுபாடு? பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் ஏறுவதே காரணம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் உள்ள சலுகையும் குறைகிறது. சூரிய மின்சாரம் முதலில் நீக்குவது மேல்படியில் உள்ள விலை உயர்ந்த யூனிட்டுகளை. அவை இல்லாத வீட்டில் அது நீக்குவது, அரசு ஏற்கெனவே மலிவாகத் தரும் மின்சாரத்தைத்தான்.

மின்தடை நேரத்தில் விளக்கு எரியும் என்ற எதிர்பார்ப்பும் பலருக்கு உண்டு. மின்கலம் இல்லாத, மின்வாரிய இணைப்புடன் இயங்கும் அமைப்பு, மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும்.

சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், முதியவரின் சேமிப்பைக் கரைக்கும் வாக்குறுதிகள் அந்த நல்ல திட்டத்தின் மீதான நம்பிக்கையையே குலைக்கும். வாடிக்கையாளரின் ஓராண்டு மின்கட்டணத்தை வைத்துக் கணக்கிட்ட மதிப்பீட்டை எழுத்துப்பூர்வமாகத் தருவதை விற்பனையாளர்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.

நண்பர் வைப்புத் தொகையை எடுக்கவில்லை. வீட்டுக்குக் குளிர்சாதனமோ மின்சார வாகனமோ வரும்போது மீண்டும் கணக்குப் போடலாம் என்று சொல்லி அனுப்பினேன். வெயில் எங்கும் போய்விடாது.