வானில் மூச்சுக் காற்று

நிலத்தில் வாழும் நாம் காற்றின் அழுத்தத்தை உணர்வதில்லை. உயர்ந்த மலைகளில் ஏறுவோரே அதன் குறைவை ஓரளவு உணர்வர். மேலே செல்லச் செல்லக் காற்று மெலியும். 35,000 அடி உயரத்தில் அதன் அழுத்தம், கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழக் காற்பங்கே ஆகும். அவ்வுயரத்தில் பறக்கும் விமானங்களில் மக்கள் உண்டும் உறங்கியும் இனிதே செல்கின்றனர். இஃது எங்ஙனம் இயல்கிறது?

விமானத்தின் பொறிகள் வெளிக்காற்றை உள்ளிழுத்து அழுத்துகின்றன. அக்காற்றில் ஒரு பகுதி குளிர்விக்கப்பெற்றுப் பயணிகள் அறைக்குள் இடைவிடாது செலுத்தப்படுகிறது. பின்புறத்திலுள்ள ஒரு திறப்பின் வழியே அது வெளியேறும். அத்திறப்பின் கதவு சற்றே மூடினால் உள்ளழுத்தம் மிகும், திறந்தால் குறையும். விமானம் எவ்வளவு உயரப் பறப்பினும், உள்ளே இருப்போர் 8,000 அடி மலைமேல் இருப்பவரினும் குறைந்த அழுத்தம் பெறாதவாறு இவ்வமைப்புக் காக்கிறது. உதகமண்டலத்துக் காற்றினும் அது சிறிதே மெலிந்தது, அவ்வளவே.

இவ்வமைப்புப் பழுதுபடின், உடனே மூச்சு முட்டும், ஆபத்துத் தானே தெரிந்துவிடும் என்று பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. பிராணவாயு குறையும்போது முதலில் மங்குவது அறிவே. நகங்கள் நீலம் பாரிக்கும். எளிய கணக்கும் தவறும். எனினும் அவருக்கோ யாவும் செம்மையாக நடப்பதாகவே தோன்றும். சிலருக்குக் களிப்புங்கூட உண்டாகும்! 35,000 அடியில் ஒருவர் தெளிவோடு செயலாற்றக்கூடிய காலம் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரையே.

ஆகையால் எச்சரிக்கை ஒலி கேட்டவுடன் விமானிகள் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருத்தல் ஆகாது. முதற்கண் தம் முகமூடியை அணிதல் வேண்டும். பின்னர்ப் பொறிகளின் விசையைத் தணித்து, இறக்கைகளின் மேலுள்ள தடுப்புப் பலகைகளை உயர்த்தி, கீழே மலைகள் இல்லையாயின் 10,000 அடிக்கு விரைந்து இறங்குவர். பயணிகளின் தலைக்கு மேலிருந்தும் முகமூடிகள் தாமே விழும். அவற்றில் ஏறத்தாழ 12 நிமிடம் பிராணவாயு வரும். இறங்குவதற்கு அது போதும்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், சைப்ரஸ் தீவின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் நகருக்கு ஒரு விமானம் புறப்பட்டது. அதில் 121 பேர் இருந்தனர். முன்னர் நடந்த ஒரு சோதனைக்குப் பின், அழுத்தத்தை ஆளும் விசை தானியங்கும் நிலைக்குத் திருப்பப்படாமல் விடப்பட்டிருந்தது. விமானிகள் அதனைக் கவனிக்கவில்லை. ஏறத்தாழ 12,000 அடியில் எச்சரிக்கை ஒலித்தது. புறப்பாட்டுக்கான ஆயத்தத்தில் குறையிருப்பின் தரையில் எழுவதும் அதே ஒலிதான். அதுவென்றே அவர்கள் மயங்கினர். முகமூடியை அணியாமல், தரையிலிருந்த பொறியாளரோடு வேறு பழுதுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே நினைவிழந்தனர்.

விமானமோ தானே 34,000 அடிக்கு ஏறி, ஏதென்ஸ் அருகே வானில் வட்டமிட்டது. கிரேக்கப் போர் விமானங்கள் இரண்டு அணுகி நோக்கின. துணை விமானி சாய்ந்து கிடந்தார். தலைமை விமானியின் இருக்கை வெறுமையாக இருந்தது. நினைவோடிருந்த பணியாளர் ஒருவர் இறுதியில் உட்புகுந்து விமானத்தைக் காக்க முயன்றார். அதற்குள் எரிபொருள் தீரத் தொடங்கியிருந்தது. கிராமாட்டிகோ என்னும் ஊரருகே மலைச்சரிவில் அது வீழ்ந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை.

பின்னாளில் அவ்வகை விமானங்களில், ஒலியின் பொருளை விளக்கும் தனி எச்சரிக்கை விளக்குகள் விமானிகளின் கண்முன் அமைக்கப்பட்டன.