எழும்பூர் அருங்காட்சியகம்: முதலில் எதைக் காண்பது?

மணிமங்கலத்திலிருந்து தாம்பரம் வந்து மின்ரயில் ஏறினால் எழும்பூர். அங்கே 1851இல் தோன்றிய அரசு அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளுடன் செல்ல எண்ணுகிறீர்களா? வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. ஜும்ஆ முடிந்ததும் போகலாமென்று புறப்பட்டுவிடாதீர்கள்.

அனைத்தையும் ஒரே நாளில் காண முயன்றால் பிள்ளைகள் களைத்துப் போவார்கள். இரண்டு பிரிவுகள் போதும். "சிலைகள் நிறைந்த இடமாயிற்றே" எனத் தயங்கும் பெரியோர் நம்மில் உண்டு. வணங்குவது வேறு, வரலாறு அறிவது வேறு என்பதே என் கருத்து. ஆயினும் அவர்கள் மனம் நோக வேண்டாம், நாணயங்களிலிருந்து தொடங்குங்கள். சுல்தான்கள், மொகலாயர் காலத்துக் காசுகளைத் தேடுங்கள். ஷாஜஹானின் காசுகளில் கலிமா பொறிக்கப்பட்டிருந்தது. பலர் கையிலும் புழங்குவதால் அதன் கண்ணியம் குறையும் என்று ஒளரங்கசீப் அதை நிறுத்தினார். மதரஸாவில் அரபு எழுத்துக் கற்ற பிள்ளை அக்காசுகளைக் கண்டால், தானே எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

பிறகு, ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909இல் திறக்கப்பட்ட செந்நிறக் கட்டடத்தின் முகப்பைப் பாருங்கள். பதேபூர் சிக்ரியின் புலந்த் தர்வாஸா நினைவுக்கு வரும். நேரமிருப்பின் பல்லவர் காலச் சிற்பங்கள். நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் நம் மணிமங்கலமும் ஒன்றல்லவா!

அமராவதிக் கற்சிற்பங்களும் வெண்கலக் கூடமும் மறுமுறைக்கு இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.